ஒரு துளை தள்ளி

முப்பத்தியொரு கணினிகள்.
பென்டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னும்
குனிந்து நிமிர்ந்தால் விடிந்துவிடும்.
அதனால் மூலையில் ஒரே ஒரு சர்வர்,
நடுவில் ஸ்விட்ச்,
சந்தையில் விற்கும் ஆட்டுக்குடல் மாதிரி
மேசைகளுக்கடியில் கேபிள்கள்.

தலன்சத்காத் தொழிற்பள்ளி. மைனஸ் இருபத்தெட்டு.
ஜன்னலில் உள்பக்கமாகவே பனி.
பிள்ளைகள் இல்லாத நேரம் இரவுதான் என்று
முதல்வர் ஒரு ராத்திரியைத் தந்திருந்தார்,
கூடவே ஒரு பிளாஸ்க் உப்புத் தேநீர்.

பழையதெல்லாம் அழித்தாயிற்று.
பொத்தானை அமுக்கியதும்
உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி
கேபிளுக்குள் வாய் வைத்துக் கத்தும்:
யாராவது இருக்கிறீர்களா,
எனக்கு ஊரும் தெரியாது பேரும் தெரியாது.
சர்வர் சொல்லும்: இந்தா உன் எண்,
இந்தப் பக்கம் வா, இதை எடுத்துக்கொள்.
அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை
என்றுதான் என் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பதினொன்று எழுந்தன.
இருபது எழவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மட்டும்
இமைத்துக்கொண்டிருந்தது.
எண் இருக்கிறது, ஆனால்
நான் கொடுத்த எண் இல்லை.
யாரோ எனக்கு முன்னால் பதில் சொல்கிறார்கள்.
இருட்டில் கேட்கிறவனுக்கு
முந்திக்கொண்டவன் சொன்னதுதான் வழி.
இவன் பேர் வைத்தானே தவிர
போக்கிடம் சொல்லவில்லை.

ஸ்விட்சின் ஏழாவது துளையில்
எனக்குத் தெரியாத மஞ்சள் கேபிள்.
டார்ச்சோடு அதன் பின்னாலேயே போனேன்:
சுவரின் ஓட்டை, மாடிப்படி,
மாணவியர் விடுதித் தாழ்வாரம்,
ஹீட்டருக்குப் பின்னால்
ஒட்டக ரோமக் காலுறை ஒன்று.
காலுறைக்குள் ரூட்டர்.
சூடாக இருந்தது, பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி.

பிடுங்கினேன்.

கீழே வந்து பார்த்தால் இருபதும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழுகின்றன.
நான்கு சதவீதம், ஆறு, ஒன்பது.
தேநீரை ஊற்றினேன்.
அப்போது வாசலில் வெறுங்காலோடு ஒரு பெண்,
கையில் போன், முகத்தில் பயமில்லை, கோபம்.
"சொல்மோன் அக்கா, வைஃபையை நீங்களா எடுத்தீர்கள்?"

நொமூன், வெல்டிங் இரண்டாம் ஆண்டு.
திட்டுவதற்கு வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்:
அப்பா எல்லையில் நிலக்கரி லாரி வரிசையில்.
தூங்கிவிட்டால் பின்னால் நிற்பவன்
சுற்றிக்கொண்டு முன்னே போய்விடுவான்.
நேற்றுக் கண்ணசந்ததில் பதினேழு லாரி.
"விடியும்வரை பேசிக்கொண்டே இருக்கணும்.
பேச ஒன்றும் இல்லை என்றால்
பாடப்புத்தகம் வாசிப்பேன்.
ஆர்கான் வாயுவைப் பற்றி இப்போது
அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும்."

நாற்பது சதவீதம்.
நடுவில் நிறுத்தினால் இருபதும் பாழ்.
என் போனைக் கொடுத்தேன்.
அதில் காசு பதினொரு நிமிடத்தில் தீர்ந்தது.
பிறகு இருவரும் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் எதையும் கேட்கவில்லை.
கால் விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினாள்.

மூன்றே காலுக்குக் கடைசி கணினி எழுந்தது.

மேலே போய் ரூட்டரைத் திருப்பினேன்.
முதுகில் ஐந்து துளைகள்.
நான்கு ஒரே நிறம், ஐந்தாவது நீலம்.
கேபிள் நான்காவதில் இருந்திருக்கிறது.
அங்கே செருகினால் அது எஜமான்,
கேட்கிற எல்லோருக்கும் எண் கொடுக்கும்.
ஒரு துளை தள்ளிச் செருகினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.
"அவ்வளவுதான். காலுறையைக் கழற்று,
தீப்பிடிக்கும்."

திரும்பி வந்தபோது சர்வரின் பட்டியலில்
புதிதாக ஒரு வரி:
முப்பத்திரண்டாவதாக ஒன்று
ஊர் பேர் கேட்டிருக்கிறது.
கொடுத்திருக்கிறது.

தாழ்வாரத்தின் மேலிருந்து குரல்:
"அப்பா, முழித்திருக்கிறீர்களா?
எத்தனை லாரி?"